தேரி மணலில் நிரந்தரமாக நிற்கிற மேய்ச்சல் புல்: எது, எப்போது, எப்படி விதைப்பது?

தேரிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டம் உடன்குடிக்கு மேற்கே தேரி (செம்மணல் மேடு) ஓரத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் பட்டா புன்செய் இருக்கிறது. செக்கச்செவேல் மணல், அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும். வரப்பில் பனை, உள்ளே அங்கங்கே உடைமரம், மற்றபடி கொழிஞ்சியும் நெருஞ்சியும்தான். அப்பா இருந்தவரை மழையை நம்பி கொள்ளும் தட்டைப்பயறும் போட்டார், இப்போது தரிசு. என்னிடம் கன்னி இன வெள்ளாடு நாற்பது உருப்படி இருக்கிறது. புறம்போக்கு மேய்ச்சல் வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே போகிறது, கடையில் தீவனம் வாங்கிப் போட்டு ஆடு வளர்த்தால் கட்டுப்படியாகாது. அதனால் இந்த 4 ஏக்கரையும் மேய்ச்சல் காடாக மாற்றலாம் என்று இருக்கிறேன்.

கிணறு உண்டு. ஆனால் பங்குனிக்கு மேல் தண்ணீர் உப்புக் கரிக்கும், ஊறுவதும் கொஞ்சம்தான். பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் புல் விதை வாங்கி இறைத்தார்கள், ஒன்றும் எழும்பவில்லை. விதை சரியில்லையா, மணலில் புல்லே வராதா, தெரியவில்லை. எந்தப் புல், எந்த மாதம், உழ வேண்டுமா, ஆடிக்காற்றில் மணல் ஓடுவதற்கு என்ன வழி? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பால்பண்ணை_திண்டுக்கல்:

நண்பரே, நேரே கம்பு நேப்பியர் புல்லுக்குப் போங்கள். கோ 4, கோ 5 ரகம் இரண்டுமே கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது, ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 360 முதல் 400 டன் பச்சைப்புல் என்று அவர்கள் கணக்கு. சொட்டுநீர் போட்டு ஒரு ஏக்கர் நட்டால் உங்கள் நாற்பது ஆட்டுக்கும் போதும், மீதி 3 ஏக்கரை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். கரணை (தண்டுத் துண்டு) வாங்கி நட்டுவிட்டால் விதை முளைக்குமா என்ற கவலையும் இல்லை. மானாவாரிப் புல்லை நம்பி 4 ஏக்கரைக் காலி செய்வது சரியாகப் படவில்லை.

காங்கேயம்_பட்டிக்காரன்:

திண்டுக்கல் அண்ணா சொல்கிற விளைச்சல் உண்மைதானுங்க. ஆனால் அது எந்த நிலத்தில், எத்தனை தண்ணீரில் என்று பார்க்கணும். நேப்பியர் தண்ணீரும் தழைச்சத்தும் தின்கிற பயிர். ஒரு மீட்டர் ஆழ மணலில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் சுமார் 60 முதல் 80 மில்லிமீட்டர்தான் நிற்கும், நல்ல வண்டலில் இதைப்போல இரண்டு மடங்கு நிற்கும். செம்மண் தோட்டத்தில் வாரம் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதும் என்றால், தேரியில் இரண்டு நாளுக்கு ஒரு தரம் விடணும். போடுகிற யூரியாவும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அவர் கிணறோ பங்குனியில் உப்பாகிவிடுகிறது. நேப்பியருக்குத் தண்ணீர் ரொம்பத் தேவைப்படுகிற நேரமும் அதுதானே?

எங்கள் பக்கம் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றி கொறங்காடு என்று வைத்திருக்கிறோம். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் மயிலம்பாடி ஆடும் தலைமுறை தலைமுறையாக இதில்தான் வளர்கிறது. சொட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, வருகிற மழையோடு சரி. மண் சரளை கலந்த செம்மணல், உங்கள் தேரி அளவுக்குப் பொலபொலப்பு கிடையாது. ஆனால் வறட்சி ஒன்றுதான். கொழுக்கட்டை வேர் மணலில் ஒன்றரை மீட்டருக்குக் கீழேயும் இறங்கும். மேலே கருகினாலும் தூர் சாகாது, ஒரு மழை விழுந்தால் நாலைந்து நாளில் பச்சை எட்டிப் பார்க்கும். உங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்தில் ஏன் முளைக்கவில்லை என்று கேட்டீர்கள். மூன்று காரணத்தில் ஒன்றாக இருக்கும். ஒன்று, விதைக்குள் அரிசி இல்லை. கொழுக்கட்டை விதை மயிர் மயிராக, பஞ்சு போல இருக்கும், அதில் பாதிக்கு மேல் வெறும் சண்டாகவும் இருக்கலாம். பத்து இருபதைக் கையில் தேய்த்து உள்ளே சின்ன அரிசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கணும். இரண்டாவது, விதை புதுசு. அறுத்த உடனே போட்டால் முளைக்காது, உறக்கத்தில் இருக்கும், ஆறு எட்டு மாதம் சாக்கில் கிடக்கணும். மூன்றாவது, ஆழம். மணலில் அதிகம் நடப்பது இதுதான். உழுத மணல் பொதபொதவென்று இருக்கும்போது விதையை இறைத்து மேலே பரம்பும் ஓட்டிவிட்டால் விதை இரண்டு மூன்று அங்குலம் கீழே போய்விடும். கொழுக்கட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் மண் மேலே இருந்தால் போதும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் முளை வெளியே வராமல் உள்ளேயே செத்துவிடும்.

தேரிக்கரையான்:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ஒரு சென்டிமீட்டர்தான் என்றால் எங்கள் மணல் மேல்பக்கம் ஒரே வெயிலில் காய்ந்துவிடுமே? காலையில் மழை பெய்தால் மறுநாள் மதியம் மேல்மண் சுடும். விதை ஊறி முளைவிடும்போது காய்ந்துபோகாதா?

காங்கேயம்_பட்டிக்காரன்:

காயும். அதனால்தான் மாதம் முக்கியம். எங்களுக்கும் உங்களுக்கும் வடகிழக்கு மழைதான் பெரிய மழை, தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் அளவில் பெய்தால் அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்துவிடும். புரட்டாசியில் ஒரு மழை விழுந்தவுடன் அவசரப்பட்டு விதைக்க வேண்டாம். அந்த மழையில் களை முளைக்கட்டும், மணலும் படியட்டும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடிக்கிற தோரணை தெரிந்ததும் மேலாக ஒரு கீறல் மட்டும் கீறி, விதையைத் தூவி, முள்ளுக்கட்டை ஒன்றை இழுத்துவிடுங்கள். அப்புறம் ஆட்டை ஒரு சுற்று அதன்மேல் நடக்க விடுங்கள், குளம்பு மிதித்தால் விதை மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மணலில் விதைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று நிற்கிற இடம் நிறைய, அதை அமுக்கினால்தான் ஈரம் விதைக்கு ஏறும். உருளை இருந்தால் உருளை, இல்லையென்றால் ஆடு.

இன்னொன்று சொல்கிறேன். விதை முழுவதையும் நேர்த்தி செய்து ஒரே நாளில் முளைக்க வைக்காதீர்கள். பொட்டாசியம் நைட்ரேட் 1 சதக் கரைசலில் 48 மணி நேரம் ஊறவைத்தால் உறக்கம் கலையும் என்று பல்கலைக்கழகம் சொல்கிறது, செய்யலாம். ஆனால் பாதி விதைக்கு மட்டும் செய்யுங்கள். மீதிப் பாதியை அப்படியே கலந்து போடுங்கள். முதல் மழைக்கு முளைத்தது நடுவில் பத்து நாள் வெயிலில் செத்தால், அடுத்த மழைக்கு முளைக்க இரண்டாவது கூட்டம் மண்ணில் இருக்கும். இயற்கையிலும் இந்தப் புல் எல்லா விதையையும் ஒரே மழைக்கு முளைக்க விடுவதில்லை. இத்தனை வறட்சியில் அது தாக்குப்பிடித்து நிற்பதே இதனால்தான்.

அளவு, ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு 3 கிலோ. மணலுக்கு நான் 4 கிலோ போடச் சொல்வேன்.

சாயல்குடி_அக்கா:

தம்பி, எங்கள் ஊர்ப் பக்கமும் மணல்தான், கடலோரம் வெள்ளை மணல், உள்ளே கொஞ்சம் செவல். பட்டிக்காரர் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் எறும்பை விட்டுவிட்டார். மேலாகத் தூவின விதையை எறும்பு இரண்டே நாளில் இழுத்துக்கொண்டு போய்விடும். புற்று வாயில் போய்ப் பார்த்தால் உமி குவிந்து கிடக்கும். விதை முளைக்கவில்லை என்று சொல்கிற நிறையப் பேர் வயலில் விதையே இருந்திருக்காது.

அதனால் நாங்கள் விதையை உருண்டை பிடிப்போம். குளத்துக் கரம்பை மண்ணைச் சலித்து, கொஞ்சம் சாணி, கொஞ்சம் மணல், விதை, தண்ணீர் தெளித்துப் பிசைந்து கோலிக்குண்டில் பாதி அளவு உருட்டி நிழலில் காயவைத்து வைத்துக்கொள்வோம். ஒரு உருண்டைக்குள் நாலைந்து விதை இருந்தால் போதும். கரம்பைதான் கூடுதலாக இருக்கணும், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றிலும் பறக்காது, இல்லையென்றால் இந்தப் பஞ்சு விதை நாம் இறைக்கிற இடத்தில் விழவே விழாது. பெண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு ஏக்கருக்கு வேண்டியது சீக்கிரம் முடிந்துவிடும், பேசிக்கொண்டே செய்கிற வேலை.

அப்புறம் கிடை. விதைப்பதற்கு முந்தின ஆனி, ஆடியில் செம்மறிக் கிடை போடுங்க. எங்கள் கீதாரிகள் (ஆட்டு மந்தைக்காரர்கள்) உங்கள் பக்கம் வருகிறார்கள்தானே? ஏக்கருக்கு ராத்திரி இத்தனை ஆடு, இத்தனை நாள் என்று பேசிக்கொள்ளலாம். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மணல் அடுத்த மழைக்குத் தண்ணீர் பிடிப்பதே வேறு மாதிரி இருக்கும். மூட்டை உரம் அந்த மணலில் தங்காது, புழுக்கை தங்கும்.

கால்நடை_மருத்துவர்_ஓய்வு:

புல்லை மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள். கொழுக்கட்டை இளசாக இருக்கும்போது புரதம் நன்றாக இருக்கும், கதிர் வந்து முற்றினால் விறுவிறுவென்று குறைந்துவிடும். மாசி, பங்குனியில் நீங்கள் மேய்க்கப்போவது பெரும்பாலும் காய்ந்த தாள். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் அது போதாது. கூடவே பயறு வகைத் தீவனம் ஒன்று வேண்டும்.

மணலுக்கு முயல் மசால் நல்ல பொருத்தம். வளம் குறைந்த, வடிகால் உள்ள மண்ணில் வரும், 450 மில்லிமீட்டர் மழை இருந்தால் தாங்கும், களிமண்ணில்தான் திணறும். தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்து மண்ணுக்கும் கொடுக்கும். விதை சின்னது, தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, 80 டிகிரி சூட்டில் நாலு நிமிஷம் போட்டு எடுத்து, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் விதைக்க வேண்டும். கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்யலாம் என்றும் எழுதியிருப்பார்கள், வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்தில் அந்த வேலை வேண்டாம், வெந்நீரே போதும். ஆடுகள் முதலில் முயல் மசாலை அவ்வளவாக விரும்பாது, பச்சைப்புல் இருக்கும்வரை ஒதுக்கும். அது நல்லதுதான், கோடையில் புல் காய்ந்த பிறகு இது நிற்கும், அப்போது தின்னும்.

வேலிமசாலும் நல்லதுதான், ஆனால் அதைக் கிணற்றுப் பக்கம் தண்ணீர் எட்டுகிற பத்துப் பதினைந்து சென்ட்டில் போடுங்கள். வெட்டிப் போடுவதற்கு அது.

இன்னொரு எச்சரிக்கை. காற்றுத் தடுப்புக்குப் புல் நடுவே சோளம் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். மணலில் பாதியில் வாடி நிற்கிற இளஞ்சோளத்தை ஆடு கடித்தால் சயனைடு விஷம் ஏறும், பட்டியோடு போய்விடும். கம்பு போடுங்கள், கம்பில் அந்தப் பயம் இல்லை. அதுவும் அடர்த்தியாக வேண்டாம், பத்தடிக்கு ஒரு வரிசை, புல்லோடு தண்ணீருக்குப் போட்டி போடக்கூடாது.

அல்கர்ஜ்_குமார்:

நான் சவூதியில் பால்பண்ணைத் தீவனப் பிரிவில் வேலை பார்த்தவன். சுத்த மணல், எங்கள் ஊர் தேரியெல்லாம் அதற்கு முன்னால் வளமான மண். அங்கே ரோட்ஸ் புல்லும் குதிரைமசாலும் வட்டமாகச் சுற்றுகிற பெரிய நீர்ப்பாசன எந்திரத்துக்குக் கீழே ஜோராக வளரும், மேலேயிருந்து பார்த்தால் பச்சை வட்டம் வட்டமாகத் தெரியும். ஆகவே மணலில் புல் வராது என்பது இல்லை, தண்ணீர் கொட்டினால் வரும். ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க ஆழத்தில் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் தேங்கினது, திரும்ப ஊறாது. கடைசியில் 2015ல் அந்த அரசாங்கமே பசுந்தீவனச் சாகுபடியை மூன்று வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்கு முன்பே 2014ல் அந்த நாட்டின் பெரிய பால் நிறுவனம் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, குதிரைமசாலைக் காயவைத்துக் கப்பலில் கொண்டுவர ஏற்பாடு செய்துவிட்டது.

திண்டுக்கல் அண்ணனுக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். எண்ணெய்ப் பணம் இருக்கிற நாடே மணலில் தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்ப்பதைத் தாங்க முடியாமல் நிறுத்த முடிவெடுத்தது. திருச்செந்தூர், உடன்குடிக் கரையோரக் கிணறுகளில் கடல் உப்பு ஏறிக்கொண்டு வருவது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். இன்னும் இழுத்தால் குடிக்கிற தண்ணீரும் போய்விடும்.

பால்பண்ணை_திண்டுக்கல்:

உப்புத் தண்ணீர் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணக்கையும் பேசுங்கள். கொழுக்கட்டையில் கோவைக்காரர்கள் வெளியிட்ட நீலக் கொழுக்கட்டைக்கே வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 40 டன் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் நன்றாகக் கவனித்தால். மானாவாரி மணலில் அதில் பாதி கூடக் கிடைக்காது. நேப்பியரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத புல்லை நம்பி ஒருவர் நாற்பது ஆடு வளர்க்க முடியுமா? ஆள் கூலி, வேலி, உருண்டை பிடிப்பது எல்லாவற்றுக்கும் காசு ஆகும்.

காங்கேயம்_பட்டிக்காரன்:

அண்ணா, நேப்பியரை நட்டால் தினமும் வெட்ட ஆள் வேணும், சுமக்க ஆள் வேணும், நறுக்க எந்திரம் வேணும், மின்சாரம் வேணும். கொறங்காட்டில் ஆட்டைத் திறந்துவிட்டால் அதுவே வெட்டிக்கொள்ளும், உரத்தையும் அங்கேயே போட்டுவிட்டு வரும். டன் கணக்கை மட்டும் வைத்து இரண்டையும் எடை போட முடியாது. நேப்பியரில் எண்பது சதத்துக்கு மேல் தண்ணீர் வேற.

ஆனால் அண்ணா கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 4 ஏக்கர் தேரி மணல் நாற்பது ஆட்டை வருஷம் முழுக்கத் தாங்காது. ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் பெரும்பங்கு தாங்கும், மற்ற மாதத்துக்கு உடைமரத்துக் காய், பனங்கொட்டைக் கிழங்கு எடுத்த கழிவு, கிணற்றடி வேலிமசால், கொள்ளுப் பொட்டு என்று கலந்துதான் ஓட்டணும். உடைக்காயை மட்டும் உதிரும்போது பொறுக்கி மூட்டை கட்டி வைத்தால் கோடையில் அதுதான் உங்களுக்குப் பிண்ணாக்கு. அந்த மரங்களை வெட்டிவிடாதீர்கள். வெள்வேலும் உடையும் நிழல் அடர்த்தி இல்லாத மரம், கீழே புல் நன்றாக வரும்.

பணி_ஓய்வு_சிப்பாய்:

காற்றைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஜெய்சல்மேர் பக்கம் பணியில் இருந்தபோது மணல் மேடுகளை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஜோத்பூரில் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 1959 முதல் இருக்கிறது, காஸ்ரி என்பார்கள், அவர்கள் உருவாக்கிய முறை. காற்று எந்தத் திசையில் வருகிறதோ அதற்குக் குறுக்கே உள்ளூர் முள், குச்சி, சருகு எது கிடைக்கிறதோ அதை வரிசை வரிசையாக மணலில் புதைத்து நிறுத்துகிறார்கள். காற்று பல பக்கம் அடிக்கிற இடத்தில் கட்டம் கட்டமாக. அந்த வரிசைக்கு மறைவில்தான் புல் விதையைப் போடுவார்கள். அங்கே ரொம்ப வறண்ட இடத்தில் சேவண் புல், கொஞ்சம் மழை கூடின இடத்தில் அஞ்சன். அஞ்சன் என்பது நம் கொழுக்கட்டைதான். மார்வார் அஞ்சன் என்று அவர்கள் தேர்ந்தெடுத்த ரகமே உண்டு.

உங்களுக்கு முள்ளெல்லாம் தேட வேண்டியதில்லை, பனை இருக்கிறது. காய்ந்த ஓலையை மட்டையோடு பாதி புதைத்து இரண்டடி உயரத்துக்கு நிற்க வைத்தால் போதும், மேற்கே இருந்து வருகிற ஆடிக்காற்றுக்குக் குறுக்கே, அதாவது வடக்கு தெற்காக. ஐந்தாறு மீட்டருக்கு ஒரு வரிசை. ஓலையை இடைவெளி இல்லாமல் சுவர் மாதிரி அடைக்காதீர்கள், காற்று கொஞ்சம் புகுந்து போகணும், முழுக்க அடைத்தால் பின்னால் சுழன்று மணலைத் தோண்டிவிடும். இதை விதைக்கிற வருஷம் ஆடிக்கு முன்பே செய்யுங்கள். ஐப்பசியில் முளைத்த புல் அடுத்த ஆடிக்குள் தூர் கட்டிவிடும், ஆனால் அந்த முதல் ஆடியில்தான் மணல் பறந்து அடித்துக் குருத்தைக் கிழிக்கும், வேரையும் வெளியே காட்டிவிடும். இரண்டாவது வருஷம் புல்லே மணலைப் பிடித்துக்கொள்ளும், ஓலை மக்கிப் போகலாம்.

மண்வாசி_நெல்லை:

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். இது உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் இருக்கட்டும். குதிரைமொழித் தேரி மாதிரி இடங்கள் காப்புக்காடு, அந்த மணல் மேடுகள் தாமாக உருவானவை, மழை நீரை உள்ளே வாங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குக் கொடுப்பவையும் அவைதான். அங்கே போய்ப் புல் விதை உருண்டை எறிவது, மரம் நடுவது எல்லாம் நல்லது என்று நினைத்துச் சிலர் செய்கிறார்கள். கொழுக்கட்டை நம் ஊர்ப் புல்தான், ஆனால் அது எவ்வளவு வலுவானது என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். மேய்ச்சலுக்கென்று கொண்டுபோன இதே புல் இப்போது அங்கே நடுப் பாலைவனத்தில் பரவி, காட்டுத்தீக்கு எரிபொருளாகி, உள்ளூர்ச் செடிகளை விரட்டுகிறது. அரிசோனாவிலும் இதே கதைதான். மேய்ச்சல் நிலத்துக்குள் ஆடு கடித்து அடக்கி வைக்கும்வரை இது நல்ல புல்.

தேரிக்கரையான்:

பட்டா நிலம்தான் அண்ணாச்சி, காப்புக்காட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இன்னும் சில தோட்டம் இருக்கிறது. நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

2023 டிசம்பர் மழை ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் நிலத்திலும் தாழ்ந்த பக்கம் மணல் அரித்து வாய்க்கால் மாதிரி ஓடைகள் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் விதை நிற்குமா? குளத்து வண்டல் அடித்தால் சரியாகுமா? மூத்தவர்கள் கரம்பை அடித்தால் மணல் கட்டும் என்பார்கள்.

காங்கேயம்_பட்டிக்காரன்:

ஓடை விழுந்த இடத்தில் விதை வேண்டாம், தூர் நடுங்கள். நாற்றங்காலில் ஒரு சென்ட் அளவுக்கு வைகாசியிலேயே விதைத்துத் தண்ணீர் விட்டு வளர்த்தால், ஐப்பசியில் தூரைப் பிடுங்கி, இலையை மேலே வெட்டிவிட்டு, வேரோடு இரண்டு மூன்று சிம்பாகப் பிரித்து நடலாம். வரிசைக்கு வரிசை 50, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். ஓடைக்குக் குறுக்கே இன்னும் நெருக்கமாக நடுங்கள், கல் இருந்தால் ஒரு வரிசை போட்டு அதற்கு மேல்புறம் நடுங்கள். நட்டது விதைத்ததைவிட ஒரு பருவம் முந்திக்கொள்ளும். ஆள் கிடைத்தால் முழு நிலத்தையும் இப்படியே நடலாம், ஆனால் செலவு.

கரம்பை நல்லதுதான். தாசில்தாரிடம் அனுமதி வாங்கி எடுக்கலாம், மண்ணுக்குக் காசு இல்லை, வண்டி வாடகைதான். ஆனால் 4 ஏக்கருக்கும் அடிக்க முயன்றால் கையில் இருக்கிற காசெல்லாம் லாரிக்கே போய்விடும். உருண்டைக்கும், தூர் நடுகிற குழிக்கு ஒரு கை அள்ளிப் போடுவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டால் ஒரு கூடை மண் நூறு செடிக்கு வேலை செய்யும்.

பூநகரியான்:

வணக்கம் அண்ணை. நான் இலங்கையில பூநகரிப் பக்கம். எங்கட இடமும் மணல்தான், மாரி மழை கார்த்திகை மார்கழியில, பிறகு சோளகக் காத்து எல்லாத்தையும் காயப் பண்ணிப்போடும். இங்க மாடு வச்சிருக்கிற கனபேர் உங்கட கோ 3 நேப்பியரைத்தான் நட்டிருக்கினம், தண்ணி இருக்கிற கிணத்தடியில நல்லா நிக்குது, தண்ணி எட்டாத இடத்தில ரெண்டாம் வருசமே கட்டை கட்டையா செத்துப் போகுது. அதனால தேரிக்கரையான் அண்ணை கிணத்தடியில நேப்பியர், மத்த இடத்தில கொழுக்கட்டை எண்டு ரெண்டையும் பிரிச்சுச் செய்யிறதுதான் சரி எண்டு படுகுது. எனக்கு ஒரு சந்தேகம், விதைக்கேக்க உரம் ஏதும் போட வேணுமோ?

கால்நடை_மருத்துவர்_ஓய்வு:

விதைக்கும்போது யூரியா வேண்டாம் தம்பி. அந்த நேரத்தில் போடுகிற தழைச்சத்து நெருஞ்சிக்கும் மற்ற களைக்கும்தான் போகும், புல்லுக்கு இன்னும் வேரே இருக்காது. மணிச்சத்து மட்டும் கீறலுக்குள் போடலாம், அது மணலில் கூட அவ்வளவாக இடம் பெயராது, முயல் மசாலுக்கும் வேண்டும். புல் ஒரு சாண் உயர்ந்து சிம்பு வெடிக்கிற நேரத்தில், நல்ல ஈரம் இருக்கும்போது கொஞ்சமாகத் தழைச்சத்து கொடுங்கள். ஒரே தரமாகக் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கிடை போட்ட நிலம் என்றால் முதல் வருஷம் அதுவும் தேவையில்லை.

தேரிக்கரையான்:

எல்லாம் புரிகிறது. கடைசியாக ஒன்று. முளைத்த பிறகு எப்போது ஆட்டை விடலாம்? புல் முழங்கால் உயரம் வந்தால் போதுமா?

காங்கேயம்_பட்டிக்காரன்:

முதல் வருஷம் விடக்கூடாது. பிடிக்காமல் போகிற கொறங்காட்டில் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. மேலே முழங்கால் உயரம் தெரியும், கீழே வேர் ஒரு சாண் கூட இருக்காது. மணலில் அதை ஆடு கடித்து இழுத்தால் தூரோடு வந்துவிடும்.  கதிர் வந்து, முற்றி, விதை தானாகக் கீழே உதிரும்வரை காத்திருங்கள். மழை பார்த்து மார்கழி, தையில் அது நடக்கும். உதிர்ந்த விதைதான் அடுத்த வருஷம் இடைவெளியை நிரப்பும். அதற்கப்புறம் காய்ந்த தாளை அரிவாளால் ஒரு சாண் விட்டு மேலாக அறுத்துக் கொண்டுவந்து பட்டியில் போடலாம். இரண்டாவது வருஷம் மழை தொடங்கி, தூர் நன்றாகச் சிம்பு விட்ட பிறகு, கொஞ்ச நேரம் மேய்த்து வெளியே எடுத்துவிடுங்கள். மூன்றாவது வருஷத்திலிருந்துதான் அது காடு. அப்போதும் நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி விடணும், பத்து சென்டிமீட்டருக்குக் கீழே ஒட்ட மேய விடக்கூடாது.

தேரிக்கரையான்:

அப்படியானால் இரண்டு வருஷம் இந்த நாற்பது ஆட்டை எங்கே கொண்டுபோவேன்? 4 ஏக்கரையும் அடைத்துவிட்டால் இப்போது கிடைக்கிற கொழிஞ்சி ஓரத்து மேய்ச்சலும் போய்விடுமே.

காங்கேயம்_பட்டிக்காரன்:

4 ஏக்கரையும் யார் அடைக்கச் சொன்னார்கள்? இந்த வருஷம் ஒரு ஏக்கர் மட்டும் எடுங்கள், கிணற்றுக்குப் பக்கத்தில் மேற்கே பனை வரிசை மறைக்கிற ஏக்கர். அதைச் சுற்றி ஓலையும் முள்ளும் வைத்து அடையுங்கள், கூடவே கிளுவைப் போத்து (கிளைத் துண்டு) நட்டுவிடுங்கள், நாலைந்து வருஷத்தில் அது வேலியாகிவிடும். அடுத்த வருஷம் அந்த ஏக்கரில் உதிர்கிற விதையை உருவி இரண்டாவது ஏக்கருக்குப் போடுங்கள், விதைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் மணலில் பிழைத்த விதையாகவும் இருக்கும். தையில் உருவி வைத்தால் ஐப்பசிக்குள் உறக்கமும் தெளிந்துவிடும்.

பால்பண்ணை_திண்டுக்கல்:

ஒரு ஏக்கர் வீதம் என்றால் எனக்கும் மறுப்பு இல்லை. கிணற்றடியில் வேலிமசாலோடு நேப்பியர் ஐந்து சென்ட் மட்டும் வையுங்கள், குட்டி போட்ட ஆட்டுக்குப் பச்சை கொடுக்க ஆகும். உப்பு ஏறுகிற மாதத்தில் அதைக் காயவிட்டாலும் பெரிய நஷ்டம் வராது.

சாயல்குடி_அக்கா:

தம்பி, முதல் ஏக்கருக்கு விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். போன தையில் எங்கள் காட்டில் உருவினது இரண்டு சாக்கு வீட்டில் கிடக்கிறது, தேய்த்துப் பார்த்தேன், அரிசி இருக்கிறது. நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ஆவணிக்குள் ஆள் அனுப்புங்க, கரம்பையும் இங்கேயே சலித்து உருண்டை பிடித்துக் கொண்டுபோகலாம்.

தேரிக்கரையான்:

அக்கா, நானே வருகிறேன். முளைப்புப் பார்த்துச் சொல்லுங்க, அது குறைந்தால் ஏக்கருக்கு 4 கிலோவுக்குப் பதில் 5 கிலோ போட்டுவிடலாம். ஓலை வெட்டுவதற்கு ஆள் இன்றைக்கே சொல்லிவிட்டேன், ஆடிக்கு முன்னால் மேற்கு வரிசையை நட்டுவிடுவோம்.